நாக்குக்கு ஒரு மூளை, கணக்குக்கு ஒரு மூளையா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றி நாம் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று இவ்வாசகசாலையார் கேட்டுக்கொண்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. சில வருஷங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, பிறகு கைக்கு அகப்பட்ட புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டவைகளைத்தான் பேசுகின்றோம். ஆதலால் நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வேறு விஷயம் பேசக் குறித்துக்கொண்டு வந்தோம். ஆனால் மேடைக்கு வருமுன் ஒரு தோழர் நம்மை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பத்தாம் வகுப்புத் தேறியிருக்கின்றாள். தமிழில் 91, கணக்கில் 78. "இவளுக்கு எழுத்து மூளை, கணக்கு மூளை இல்லை. பதினோராம் வகுப்பில் கணக்கில்லாத பிரிவில் சேர்த்துவிடுங்கள்" என்று உபாத்தியாயரும் சொல்லிவிட்டாராம், உறவினரும் சொல்லிவிட்டார்களாம். அப்பெண்ணும், "எனக்குக் கணக்கு வராது அப்பா" என்று சொல்லிவிட்டதாம். "நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

நாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம். "உன் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் என்ன வாங்கினார்கள் அம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டோம். தமிழில் பாதிப் பேருக்குமேல் 90ஐத் தாண்டியவர்களாம். கணக்கிலோ பெரும்பாலோர் 60ஐச் சுற்றி நிற்கின்றார்களாம். இவளுக்குமேல் மூன்றே பேர்தானாம். வகுப்பில் 40 பிள்ளைகள்.

தோழர்களே! இப்பொழுது நீங்களே சொல்லுங்கள். தமிழில் இந்தப் பெண் நடுவில் நிற்கின்றாள். கணக்கில் நாற்பது பேரில் நாலாவதாக நிற்கின்றாள். எதில் கெட்டிக்காரியோ அதில் மக்கு என்று ஊரே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பில் அவளே கையெழுத்தும் போட்டுவிட்டாள். காரணம் என்ன? 91 பெரியது, 78 சிறியது என்பதுதான். எண்ணெய் அளக்கும் ஆழாக்கையும் நெல் அளக்கும் மரக்காலையும் பக்கத்தில் வைத்து, "எண்ணெய் எட்டு, நெல் நாலு, ஆகவே எண்ணெய்தான் அதிகம்" என்று ஒரு வியாபாரி சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா? பரீட்சை மார்க்கில் மாத்திரம் ஏன் சிரிப்பு வரவில்லை?

இந்த மயக்கம் நம்மூருக்கு மாத்திரம் உரியதல்ல. பரீட்சையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கின்ற அமெரிக்காவில் இதே மயக்கம் என்ன பாடு படுத்திற்று என்பதைத்தான் இன்று சொல்லப்போகின்றோம்.

1917இல் அமெரிக்கா ஐரோப்பிய மகாயுத்தத்தில் இறங்கிற்று. அப்பொழுது பட்டாளத்துக்குச் சேர்ந்த சுமார் பதினேழு லட்சம் பேருக்குப் புத்திப் பரீட்சை ஒன்று நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்பா என்று ஒரு பரீட்சை. தெரியாதவர்களுக்குப் பீட்டா என்று படங்களைக் கொண்ட ஒரு பரீட்சை. ஆல்பாவில் வார்த்தைகளும் உண்டு, கணக்குகளும் உண்டு, ஊர் வழக்கம் தெரிந்திருந்தால்தான் பதில் சொல்லக்கூடிய கேள்விகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிக் கூட்டி, "இதுதான் இவனுடைய பிறவி அறிவு" என்று ஒரு எண் எழுதிவிட்டார்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு கார்ல் பிரிகாம் என்ற மனநூல் பேராசிரியர் 1923இல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஜாதியார் புத்தியில் உயர்ந்தவர்கள், தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் தாழ்ந்தவர்கள் என்று அதில் முடிவு கட்டினார். "பிறவியிலேயே உயர்வு, பிறவியிலேயே தாழ்வு" என்ற பாட்டு நமக்குப் புதிதா? நம் நாட்டில் அதைச் சுலோகத்தில் சொன்னார்கள். அங்கே அட்டவணையில் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். அமெரிக்காவுக்குக் குடியேறி எத்தனை வருஷம் ஆயிற்றோ அத்தனைக்கத்தனை மார்க்கும் ஏறியிருந்தது. இருபது வருஷம் இருந்துவிட்டவர்களுக்கும் அங்கேயே பிறந்தவர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. சாதாரண புத்தியுள்ளவன் இதைப் பார்த்தால் என்ன சொல்லுவான்? "பாஷையும் பழக்கமும் வர வர மார்க்கும் வருகின்றது" என்பான். பிரிகாம் என்ன சொன்னார் தெரியுமா? "முன்னே வந்தவர்கள் நல்ல ஜாதி, பின்னே வந்தவர்கள் மட்டமான ஜாதி" என்றார். முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆதாரம் தேடுகிறவர்களுக்குக் கணக்கும் சாட்சி சொல்லும், கழுதையும் சாட்சி சொல்லும்.

அடுத்த வருஷமாகிய 1924இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வருவதைக் கடுமையாகக் குறைத்தும், ஆசியாக்காரர் பெரும்பாலோரைத் தடுத்தும் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு இந்தப் புத்தகமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஜனங்கள் மனதில் முன்னமேயே இருந்த வெறுப்புத்தான் காரணம். ஆனால் வெறுப்புக்கு விஞ்ஞான வேஷம் போட்டுக்கொடுத்த பாவம் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது. பிறந்த தேசத்தைப் பார்த்துப் பங்கு போட்ட அந்த ஏற்பாடு 1965இல்தான் ஒழிந்தது.

நிற்க. அதே பிரிகாம் 1930இல் எழுந்து, தாம் சொன்னது தப்பு என்று அச்சில் ஒப்புக்கொண்டார். வார்த்தைப் பரீட்சை ஒன்றை அளக்கின்றது, எண் பரீட்சை வேறொன்றை அளக்கின்றது. இரண்டையும் கூட்டி ஒரு எண்ணாக்கியதே தப்பு, அந்த எண்ணைக் கொண்டு ஜாதிக்கு ஜாதி ஒப்பிட்டது அதைவிடத் தப்பு, தம் கட்டடம் முழுதும் விழுந்துவிட்டது என்ற கருத்தில் எழுதினார். தோழர்களே! இந்த ஒரு காரியத்திற்காக நாம் அவரைப் பாராட்டுகின்றோம். தப்பை ஒப்புக்கொள்ளுகிறவன்தான் விஞ்ஞானி. ஒப்புக்கொள்ளவே முடியாது என்று எழுதி வைத்திருப்பதற்குப் பேர் வேதம்.

ஆனால் இதற்குள் அவர் செய்து வைத்த பரீட்சை ஊன்றிவிட்டது. 1926 ஜூன் 23ந் தேதி சுமார் எட்டாயிரம் பேர் எழுதிய அந்தப் பரீட்சைக்குத்தான் எஸ்.ஏ.டி. என்று பேர். காலேஜில் சேர அமெரிக்கப் பிள்ளைகள் இன்றைக்கும் எழுதுகின்றார்கள். நடு எழுத்துக்கு முதலில் "இயல்பான திறமை" என்று பொருள் வைத்தார்கள். 1990களில் அதை "மதிப்பீடு" என்று மாற்றினார்கள். பிறகு அந்த மூன்று எழுத்துக்கும் பொருளே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பொருள் இல்லாத எழுத்தை உச்சரித்துப் பலன் அடைவது நம் நாட்டு மந்திரத்துக்கு மாத்திரமே உரியது என்று எண்ணியிருந்தோம்!

இந்தப் பரீட்சையில் மொழிக்கு ஒரு மார்க், கணக்குக்கு ஒரு மார்க் என்று இரண்டு தனித்தனியாகக் கொடுக்கும் வழக்கம் நிலைத்தது. இரண்டுக்கும் 200 முதல் 800 வரை ஒரே மாதிரி அளவு. ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. எப்படியென்று கேளுங்கள்.

1941இல் எழுதிய சுமார் பதினாயிரம் பேருடைய மொழி மார்க்கின் சராசரிக்கு 500 என்று பேர் வைத்தார்கள். அடுத்த வருஷம் கணக்கின் அளவையும் அதையொட்டியே அமைத்தார்கள். அந்தப் பதினாயிரம் பேர் யார்? அவர்களில் பலர் தனியார் பள்ளியில் படித்த வசதிக்காரப் பிள்ளைகள். பின்னால் எழுதிய ஒவ்வொரு பிள்ளையையும் இந்தப் பிள்ளைகள் பக்கத்தில் நிறுத்தித்தான் அளந்தார்கள். ஐம்பது வருஷம் அப்படியே நடந்தது. இதற்குள் ஏழைப் பிள்ளைகள், கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் இங்கிலீஷ் பேசாத பிள்ளைகள் எல்லாம் எழுத வந்தார்கள். எழுதுகிறவர் தொகை வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிற்று. இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் சராசரி இறங்கிற்று. மொழியில் அதிகமாகவும் கணக்கில் குறைவாகவும் இறங்கிற்று. 1990களின் தொடக்கத்தில் மொழிச் சராசரி சுமார் 425. கணக்குச் சராசரி சுமார் 475.

இப்பொழுது ஒரு பிள்ளை மொழியில் 440, கணக்கில் 460 வாங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன சொல்லுவார்கள்? "பையனுக்குக் கணக்குத்தான் கொஞ்சம் வருகின்றது, மொழி வரவில்லை" என்பார்கள். உண்மை என்ன? மொழியில் அவன் சராசரிக்கு மேலே. கணக்கில் சராசரிக்குக் கீழே! தலைகீழ்ப் பாடம் படித்துவிட்டார்கள். இப்படி எத்தனை லட்சம் வீடுகளில் தலைகீழ்ப் பாடம் படித்திருப்பார்கள்? எத்தனை பிள்ளைகள் தங்களுக்கு வருகின்ற துறையை விட்டு வராத துறைக்குப் போயிருப்பார்கள்?

கடைசியில் 1995இல், 1990இல் பள்ளி முடித்த பிள்ளைகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, இரண்டு சராசரியையும் மறுபடி 500க்குக் கொண்டுவந்தார்கள். பழைய அளவில் மொழிக்கு 425 வாங்கக்கூடிய பிள்ளைக்குப் புதிய அளவில் சுமார் 500. ஒரே வருஷத்தில் எழுபது, எண்பது மார்க் ஏறிற்று. அந்தப் பிள்ளை லேகியம் ஏதாவது தின்றானா? நாக்கில் யாராவது வந்து எழுதிவிட்டுப் போனார்களா? ஒன்றும் இல்லை. அளவுகோலை நகர்த்தினார்கள். தலை நகரவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். 2023இல் பள்ளி முடித்து அப்பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் சராசரி 520, கணக்கில் 508. முன்பு கணக்கு மேலே இருந்தது; இப்பொழுது மொழி மேலே இருக்கின்றது. இதைக் கொண்டு, அமெரிக்கர் மூளை எண்ணிலிருந்து எழுத்துக்கு மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், அவரை நீங்கள் ஜோசியர்களோடு சேர்த்துவிடலாம்.

நிற்க. "எழுத்து மூளை வேறு, கணக்கு மூளை வேறு, ஒன்று இருந்தால் மற்றது இராது" என்று நம் ஜனங்கள் சொல்லுகின்றார்களே, அதில் எவ்வளவு உண்மை? 1904லேயே ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் பள்ளிப் பிள்ளைகளின் மார்க்குகளைப் பார்த்து ஒன்றைக் கண்டார். ஒரு பாடத்தில் உயர்ந்து நிற்கின்ற பிள்ளை பெரும்பாலும் மற்றப் பாடத்திலும் உயர்ந்தே நிற்கின்றது. மொழியும் கணக்கும் பகையாளிகளல்ல; கூடப் பிறந்தவர்கள் போல் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. பிரிகாம் சொன்னபடி இரண்டும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஸ்பியர்மன் சொன்னபடி ஒன்றை விட்டு ஒன்று ஓடுவதில்லை என்பதும் உண்மை. விதிவிலக்கு உண்டு. ஆனால் விதி இதுதான்.

அப்படியானால் பிள்ளைகள் ஏன் தங்களை "எழுத்துக்காரன்", "கணக்குக்காரன்" என்று பிரித்துக்கொள்ளுகின்றார்கள்? இதை ஹெர்பர்ட் மார்ஷ் என்பவர் 1986இல் விளக்கினார். மார்க்குகள் சேர்ந்து நடக்கின்றன. ஆனால் தன்னைப் பற்றிப் பிள்ளை வைத்திருக்கும் அபிப்பிராயங்கள் அப்படிச் சேர்ந்து நடப்பதில்லை. ஏனெனில், பிள்ளை தன் கணக்கைப் பிறர் கணக்கோடு மாத்திரம் ஒப்பிடவில்லை. தன் கணக்கைத் தன் மொழியோடும் ஒப்பிடுகின்றது. மொழி நன்றாக வருகின்ற பிள்ளைக்கு, ஊரில் பத்துப் பேரைவிடக் கணக்கு நன்றாக வந்தாலும், "எனக்குக் கணக்கு மட்டம்" என்று தோன்றிவிடுகின்றது. வலது கை பலமாயிருப்பதாலேயே இடது கை முடம் என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது.

இதில் அதிகமாகப் பலியாவது யார்? நம் பெண்மக்கள்.

பீசா என்று ஒரு பரீட்சை 2000 முதல் பல தேசங்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தப்படுகின்றது. 2018இல் 79 தேசங்களும் பிரதேசங்களும் கலந்துகொண்டன. அவற்றில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் வாசிப்பில் பெண்களே முந்தியிருந்தார்கள். பணக்கார தேசங்களின் சராசரியில் வாசிப்பில் பெண்கள் 30 புள்ளி முன்னே. கணக்கில் ஆண்கள் 5 புள்ளி முன்னே. சில தேசங்களில் கணக்கிலும் பெண்களே முன்னே. 5 புள்ளி என்பது அந்த அளவில் ஒரு தூசி. அப்படியிருக்க, எஞ்சினியரிங் முதலிய கணக்குத் துறைகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? தூசிக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?

2019இல் பிரெஞ்சு தேசத்துப் பிரேடா, நாப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைத் துருவினார்கள். 64 தேசங்களைச் சேர்ந்த சுமார் மூன்று லட்சம் பிள்ளைகளின் பீசா விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். கணக்குத் துறைக்குப் போக விரும்புவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கு மார்க் மாத்திரம் விளக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கணக்கு மார்க்குக்கும் அதே பிள்ளையின் வாசிப்பு மார்க்குக்கும் உள்ள தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வித்தியாசத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரையில் விளங்கிவிடுகின்றது. அதாவது, பெண் கணக்கை விடுவது கணக்கு வராததனால் அல்ல. வாசிப்பு அதைவிட நன்றாக வருவதனால்! ஆண்பிள்ளைக்கு வாசிப்பு மோசமாயிருப்பதனால் கணக்கே கதியென்று போகின்றான். கெட்டிக்காரத்தனமே பெண்ணுக்கு விலங்காயிற்று. இதுவே முழுக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. வீடும் ஊரும் சொல்லும் சொல்லும் சேர்ந்துதான் விலங்கு பூட்டுகின்றது.

"அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் கணக்கில் வித்தியாசமே இல்லையா?" என்று கேட்பீர்கள். நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லி மற்றதை மறைப்பது நம் வழக்கமல்ல. 1983இல் பென்போ, ஸ்டான்லி என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பதின்மூன்று வயதுக்குள் எஸ்.ஏ.டி. கணக்கில் 700க்குமேல் வாங்கிய பிள்ளைகளில் ஒரு பெண்ணுக்குப் பதின்மூன்று ஆண் என்று வெளியிட்டார்கள். "பார்த்தீர்களா, இயற்கை!" என்று பலர் குதித்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்திற்குள் அது சுமார் ஒன்றுக்கு நாலாக இறங்கிவிட்டது. பிறகு அங்கேயே ஏறக்குறைய நின்றுகொண்டிருந்தது. மிச்சமுள்ள வித்தியாசம் எதனால் என்பது இன்னும் வாதத்தில் இருக்கின்றது. ஆராய்ச்சி முடிவு சொல்லட்டும், எதுவானாலும் ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் பதின்மூன்று நாலாக மாறியதை மாத்திரம் கவனியுங்கள். பன்னிரண்டு வருஷத்தில் பெண்ணின் மூளை மாறுமா? மாறாது. பள்ளிக்கூடம் மாறும், வீடு மாறும், பெண் தன்னைப் பற்றி எண்ணும் எண்ணம் மாறும். "இயற்கை" என்று எந்த எண்ணைக் காட்டினார்களோ அந்த எண்ணில் பெரும்பாகம் செயற்கையாய்ப் போயிற்று. நம் நாட்டில் "தலையெழுத்து" என்று சொல்லுவதும் பெரும்பாலும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

இவ்வளவும் சொன்னதனால் பரீட்சையே கூடாது, மார்க்கே பொய் என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். அளக்காமல் எதையும் அறிய முடியாது. 2009ஆம் ஆண்டுச் சுற்றைச் சேர்ந்த பீசாப் பரீட்சையில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு, அட்டவணையின் அடியில் நின்றன. அதன்பிறகு 2012, 2015, 2018, 2022 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்று சமாதானம் சொன்னார்கள். அதில் சிறிது நியாயம் இருக்கலாம். ஆனால் கண்ணாடியில் முகம் கோணலாய்த் தெரிந்தால் கண்ணாடியும் கோணலா என்று பார்க்க வேண்டும், முகமும் கோணலா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கவிழ்த்து வைப்பது அறிவாகாது.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். மார்க் என்பது அன்றைய தினம் அந்தப் பிள்ளை அந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதிலின் அளவு. அது பிறவியின் அளவல்ல. ஒரு பாடத்தின் மார்க்கை இன்னொரு பாடத்தின் மார்க்கோடு வெறும் எண்ணாக வைத்து ஒப்பிடாதீர்கள். முதலில் அந்தப் பாடத்தில் மற்றவர் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேளுங்கள். அடுத்தபடி, சென்ற வருஷம் இதே பிள்ளை எவ்வளவு வாங்கிற்று என்று கேளுங்கள். அதற்கும் மேல், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தாரா, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருந்ததா என்று கேளுங்கள். இவ்வளவும் கேட்ட பிறகு "வராது" என்ற வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு வாய் வந்தால் சொல்லுங்கள். வராது என்றே நாம் நம்புகின்றோம்.

அந்தத் தோழர் இப்பொழுதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். அவர் மகளும் தாய்மார் பக்கத்தில் இருக்கின்றாள். "எந்தப் பிரிவில் சேர்க்கலாம்?" என்று கேட்டீர்கள். அதை நாம் சொல்லமாட்டோம். உபாத்தியாயரும் சொல்ல வேண்டாம். உறவினரும் சொல்ல வேண்டாம். நாற்பது பேரில் நாலாவதாக நிற்கின்றாய் என்ற உண்மையை அவளிடம் சொல்லிவிட்டோம். அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவளே யோசிக்கட்டும். தமிழ்தான் வேண்டுமென்று அவள் சொன்னால் சந்தோஷமாய்ச் சேர்த்துவிடுங்கள். ஆனால் தமிழ் பிடித்துப் போகவேண்டுமே தவிர, கணக்கு வராது என்ற பொய்க்குப் பயந்து போகக்கூடாது.

இவைகள் நமக்குத் தோன்றியவை. தப்பென்று தோன்றினால் தள்ளிவிடுங்கள். சரியென்று தோன்றினால், இன்று வீட்டுக்குப் போனவுடன் உங்கள் பிள்ளைகளின் மார்க் அட்டையை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.